மைதானக் கேள்வி–பதில்: 44-ஆம் எண் சட்டையும் டர்பன் பையனின் காலும்

போன இதழில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டர்பன் ஃபீனிக்ஸ் பகுதி வாசகி ஒருவர்: அண்ணா, என் பேரன் அமெரிக்காவில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். லீவுக்கு வந்தபோது ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று கொண்டுவந்தான். முதுகில் 44 என்று போட்டிருக்கிறது. "ஆயா, இந்த எண்ணை எங்கள் காலேஜ் அணியில் இனி யாரும் போட முடியாது" என்கிறான். அப்படி என்ன இருக்கிறது அந்த எண்ணில்?

நிறைய இருக்கிறது, அம்மா. முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், சில நேரம் உதைப்பார்கள். மைதானம் 100 யார்டு நீளம். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்தால் டச் டவுன், 6 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் ஒன்று. டச் டவுன் வராது என்று தெரிந்தால் தூரத்திலிருந்தே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அதுதான் ஃபீல்டு கோல். இவ்வளவு தெரிந்தால் மீதிக் கதைக்குப் போதும்.

சிரக்யூஸ் நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஊர். குளிர்காலம் முழுக்கப் பனி கொட்டும். அங்கே 1889-இல் ஆடத் தொடங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்திடம் 36–0 என்று தோற்றார்கள். பிறகு பல பத்தாண்டுகள் சுமாரான அணிதான். 1949-இல் பென் ஷ்வார்ட்ஸ்வால்டர் என்ற கோச் வந்தார். இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த படைவீரர். 1973 வரை 25 சீசன் இருந்து 153 ஆட்டங்களில் ஜெயித்தார். 44-ஆம் எண்ணின் கதை அவர் காலத்துக் கதை.

அந்த எண்ணைப் பெரிதாக்கியவர் ஜிம் பிரவுன். 1954 முதல் 1956 வரை ஆடினார். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஸ்காலர்ஷிப்கூடக் கிடையாது. அவருடைய ஊர் வக்கீல் ஒருவர் ஊராரிடம் பணம் திரட்டித்தான் முதல் வருடச் செலவைக் கட்டினார். அணியில் ஒரே கறுப்பினப் பையன். அப்படிச் சேர்ந்தவர் 1956-இல் கோல்கேட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்தார்: ஆறு டச் டவுன், கூடவே ஏழு உதை. ஓடுவதும் அவர், உதைப்பதும் அவர். அப்புறம் கிளீவ்லாண்டில் தொழில்முறை வீரராக ஒன்பது வருடம் ஆடி 12,312 யார்டு ஓடினார். இன்றைக்கும் "இதுவரை பிறந்த ஆட்டக்காரர்களில் யார் பெரியவர்" என்று பேச்சு வந்தால் அவர் பெயர் வராமல் முடியாது.

அடுத்தவர் எர்னி டேவிஸ். பிரவுனே நேரில் போய்ப் பேசி இந்தப் பையனைச் சிரக்யூஸுக்கு அழைத்துவந்தார். தன் எண்ணும் அவனுக்குப் போனது. 1959-இல் அந்த அணி ஆடிய 11 ஆட்டத்திலும் ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆனது. சிரக்யூஸ் சரித்திரத்தில் ஒரே முறைதான் அது நடந்திருக்கிறது. எதிரணிகள் பந்தோடு ஓடிக் கடந்தது ஆட்டத்துக்குச் சராசரி 19.3 யார்டு மட்டும். அப்படி ஒரு தடுப்பு. கடைசி ஆட்டம் 1960 ஜனவரி 1-ஆம் தேதி, டல்லாஸில், டெக்சாஸ் அணியோடு. டெக்சாஸ் முழுக்க வெள்ளையர் அணி. சிரக்யூஸில் மூன்று கறுப்பின வீரர்கள். களத்தில் வசவும் கைகலப்பும் நடந்தன. டேவிஸ் காலில் தசைப்பிடிப்போடு ஆடினார். தொடக்கத்திலேயே 87 யார்டு டச் டவுன். 23–14 என்று சிரக்யூஸ் ஜெயித்தது. ஆட்ட நாயகன் டேவிஸ்.

அன்று இரவு விருந்து. டேவிஸ் உள்ளே வந்து கோப்பையை வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதும் வெளியே போய்விட வேண்டும் என்றார்கள். விருந்து வெள்ளையருக்கு மட்டுமாம்.

இதைப் படித்ததும் உங்களுக்கு யார் ஞாபகம் வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். நம் பாப்வா செவ்கோலம். 1963-இல் இதே டர்பனில் நேட்டால் ஓப்பன் கோல்ஃபை ஜெயித்தவரைக் கிளப் கட்டடத்துக்குள் விடாமல், வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் எங்கள் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அப்பா யார் வந்தாலும் காட்டுவார். டல்லாஸுக்கும் டர்பனுக்கும் நடுவில் ஒரு பெருங்கடல், மூன்று வருடம். நடந்தது ஒன்றேதான்.

டேவிஸுக்கு 1961-இல் ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. கல்லூரி ஃபுட்பாலில் அதைவிடப் பெரிய தனிநபர் விருது கிடையாது. அதை வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதிபர் கென்னடியே அவரைச் சந்திக்க விரும்பி அழைத்தார். பிரவுனின் கல்லூரிச் சாதனையான 2,091 யார்டைத் தாண்டி 2,386 யார்டு ஓடி முடித்திருந்தார். தொழில்முறை அணிகள் முதல் ஆளாக அவரைத்தான் தேர்ந்தெடுத்தன. ஆனால் ரத்தப் புற்றுநோய். ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாமல் 1963 மே 18-இல், 23 வயதில் போய்விட்டார். ஜிம் பிரவுன் இறந்தது 2023-இல், அதே மே 18.

மூன்றாமவர் ஃப்ளாய்ட் லிட்டில், 1964 முதல் 1966 வரை. டேவிஸ் வந்து அழைத்தும் முடிவெடுக்காமல் இருந்தாராம். டேவிஸ் இறந்த செய்தி கேட்டதும் கோச்சுக்குப் போன் செய்து "வருகிறேன்" என்று சொன்னதாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். 2005-இல் அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடுகூட 13244 என்று முடிகிறது. பேரனுக்குக் கடிதம் எழுதும்போது கவனித்துப் பாருங்கள்.

டொங்காட் வாசகர்: டர்பனில் வளர்ந்த ஒருவர் அந்த அணிக்கு ஆடியதாக என் நண்பர் சாதிக்கிறார். பந்தயம் கட்டியிருக்கிறோம். யார் சொல்வது சரி?

உங்கள் நண்பர் சொல்வது சரி. பந்தயப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

அவர் பெயர் கேரி ஆண்டர்சன். 1959-இல் நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் பாரிஸ் என்ற ஊரில் பிறந்து டர்பனில் வளர்ந்தார். பிரெட்டன்வுட் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். அப்பா பாதிரியார், இங்கிலாந்தில் தொழில்முறையாகக் கால்பந்து ஆடியவர். பையனுக்கும் கால்பந்துதான் கனவு. 1978-இல் குடும்பம் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தது. அதுவரை அந்த ஊர் ஃபுட்பாலை அவர் ஆடியதே இல்லை. நம் ஊர் மண்ணில் பழகிய கால், பந்தைப் பக்கவாட்டில் ஓடிவந்து பாதத்தின் மேற்புறத்தால் அடிக்கும். அந்தப் பழக்கத்தைப் பார்த்ததும் சிரக்யூஸ் ஸ்காலர்ஷிப் கொடுத்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் முன்பெல்லாம் நேராக ஓடிவந்து கால் விரல் நுனியால்தான் உதைப்பார்கள். 1960-களின் தொடக்கத்தில் பீட் கோகொலாக் என்ற ஹங்கேரிக்காரப் பையன், சிரக்யூஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தில், கால்பந்து ஆடுகிறவன் மாதிரி பக்கவாட்டில் வந்து உதைத்துக் காட்டினார். பந்து தூரமும் போனது, குறியும் தவறவில்லை. அதற்கப்புறம் உலகத்தின் எந்த மூலையில் கால்பந்து ஆடியவனுக்கும் அங்கே கதவு திறந்தது. ஆண்டர்சன் அந்தக் கதவு வழியாகப் போனவர்.

1978 முதல் 1981 வரை நான்கு சீசன் ஆடினார். கடைசி வருடம் 19 ஃபீல்டு கோல் முயற்சியில் 18 உள்ளே. நூற்றுக்கு 94.7. அன்றைக்கு அது தேசியச் சாதனை. பிறகு தொழில்முறை ஆட்டத்தில் 23 சீசன். பஃபலோ அணி தேர்ந்தெடுத்து, ஆட விடாமலே அனுப்பிவிட்டது. பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்டது, 1994 வரை வைத்துக்கொண்டது. 2000-இல் என்.எஃப்.எல். என்ற அந்தத் தொழில்முறை லீகின் சரித்திரத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற இடத்துக்கு வந்தார். முடிக்கும்போது 2,434 புள்ளி, 538 ஃபீல்டு கோல். பிறகு வேறொருவர் தாண்டிவிட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள்: 80 வருடமாக அமெரிக்கர்கள் நடத்திய லீகில் புள்ளிப் பட்டியலின் உச்சியில் சில வருடம் இருந்தது டர்பனில் வளர்ந்த ஒரு கால்.

1998-இல் மினசோட்டா அணிக்காக ஒரு சீசன் முழுக்க அவர் உதைத்தது ஒன்றுகூடத் தவறவில்லை. 35-க்கு 35 ஃபீல்டு கோல், 59-க்கு 59 கூடுதல் புள்ளி. அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. அப்புறம் 1999 ஜனவரியில், ஜெயித்தால் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி என்ற ஆட்டத்தில், 38 யார்டிலிருந்து அடித்தது இடப்பக்கம் விலகிப்போனது. அட்லாண்டா கூடுதல் நேரத்தில் 30–27 என்று ஜெயித்தது. மினசோட்டாவில் இன்றும் அந்த ஒன்றைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த 35 இல்லாமல் அவர்கள் அந்த ஆட்டம் வரை வந்திருக்கவே முடியாது.

அவர் என் வயதுக்காரர். 70-களில் அவர் ஒரு வெள்ளையர் பள்ளியில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார். சில மைல் தூரத்தில் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் இந்தியர் பள்ளியில் உதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பள்ளியும் அவர் பள்ளியும் ஒரே மைதானத்தில் எதிரெதிரே நிற்க வழியே இல்லை. எங்கள் தெருவில் அவரைவிட நன்றாக உதைத்த பையன் இருந்தானா என்றால், தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள விடவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். ஆண்டர்சன் மேல் அல்ல. அவர் உழைத்து எடுத்த ஒவ்வொரு புள்ளியும் அவருடையது.

மியர்பேங்க் வாசகர்: அந்தக் காலத்திலேயே 'சிங்' என்ற பெயருடைய ஓர் இந்தியர் சிரக்யூஸில் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிகிறவராக, ஆடியதாகப் படித்தேன். இந்தியர் எப்படி அங்கே போனார்?

பெயர் வில்மெத் சிடாட்-சிங். ஆனால் அவர் இந்தியர் இல்லை. இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு உங்களுக்கு நன்றி, ஏனென்றால் சிரக்யூஸ் சரித்திரத்தில் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிற மனிதர் இவர்தான்.

1918-இல் வாஷிங்டனில் வில்மெத் வெப் என்ற பெயரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் கறுப்பின அமெரிக்கர்கள். அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட, அம்மா சாமுவேல் சிடாட்-சிங் என்ற இந்தியரை மணந்தார். மருத்துவம் படிக்க அமெரிக்கா வந்தவர். அவர் பையனைத் தத்தெடுத்துத் தன் பெயரையும் கொடுத்தார். குடும்பம் நியூயார்க்கில் ஹார்லெமில் குடியேறியது.

பையன் கூடைப்பந்துக்காகத்தான் சிரக்யூஸுக்கு வந்தார். நிறம் கொஞ்சம் வெளுப்பு, பெயரில் சிங். பத்திரிகைகள் அவரை "ஹிந்து" என்று எழுதின. அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தியர் என்றால் தென்மாநில அணிகள் மறுக்காமல் ஆடும், கறுப்பர் என்றால் ஆடாது. அவ்வளவுதான் கணக்கு. ஒரு மனிதனை ஆட விடலாமா கூடாதா என்பதை அவன் கால், கை எதுவும் தீர்மானிக்கவில்லை, ஒரு தாளில் எழுதிய இனத்தின் பெயர் தீர்மானித்தது. ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவு செய்த 1950-ஆம் வருட மக்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1937 அக்டோபரில் பால்டிமோரில் மேரிலாண்ட் அணியோடு ஆட்டம். அதற்கு முன்பே சாம் லேசி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் உண்மையை எழுதிவிட்டார்: இவர் ஹிந்து அல்ல, எங்களில் ஒருவர். மேரிலாண்ட் அவரோடு ஆட மறுத்தது. சிரக்யூஸ் என்ன செய்தது தெரியுமா? ஒத்துக்கொண்டது. அவரை உட்கார வைத்துவிட்டு ஆடி, 13–0 என்று தோற்றது. அந்தப் பையனுக்கு அப்போது 19 வயது.

சாம் லேசி எழுதியிருக்கக் கூடாது, பேசாமல் விட்டிருந்தால் அவர் ஆடியிருப்பார் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஒரு கறுப்பினப் பையன் பந்தை எறிந்து ஜெயிக்கிறான் என்றால், அது கறுப்பினப் பையன் செய்தது என்று ஊர் அறிய வேண்டும். வேறு பெயரில் கிடைக்கிற அனுமதி எப்போது வேண்டுமானாலும் பறிபோகும்.

அடுத்த வருடம் மேரிலாண்ட் சிரக்யூஸுக்கு வந்தது. இந்த முறை அவர் ஆடினார். 53–0. அதே 1938-இல் கார்னெல் அணியிடம் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில், கடைசி ஒன்பது நிமிடத்துக்குள் மூன்று டச் டவுன் எறிந்து 19–17 என்று ஜெயிக்க வைத்தார். நாட்டின் பெரிய விளையாட்டு எழுத்தாளர்களெல்லாம் புகழ்ந்தார்கள். ஆனால் அப்போது தொழில்முறை லீகில் ஒரு கறுப்பினத்தவரைக்கூடச் சேர்க்கவில்லை. 1934 முதல் 1945 வரை அப்படியே இருந்தது. அதனால் கூடைப்பந்து ஆடப் போனார். பிறகு போரில் கறுப்பின விமானிகளின் டஸ்கீகி விமானப் படையில் சேர்ந்தார். 1943 மே மாதம் பயிற்சியின்போது விமானம் பழுதாகி ஹ்யூரான் ஏரியில் விழுந்து இறந்தார். 25 வயது.

2013-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகம் அவருடைய உறவினர்களை அழைத்து மைதானத்தில் மன்னிப்புக் கேட்டது. 76 வருடம் கழித்து.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கல்லூரி மாணவர்: சார், சிரக்யூஸில் பந்தோடு அதிகம் ஓடியவர்கள் பட்டியலைப் பார்த்தால் ஜிம் பிரவுன் கீழே இருக்கிறார், ஜோ மாரிஸ் 4,299 யார்டோடு மேலே இருக்கிறார். அப்படியென்றால் பிரவுன் அவ்வளவு பெரிய ஆளில்லைதானே?

தம்பி, பட்டியலைப் படிக்கும் முன் அது எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பிரவுன் காலத்தில் முதலாண்டு மாணவர் பெரிய அணியில் ஆட முடியாது. 1972-இல்தான் அந்தத் தடை போனது. எனவே பிரவுனுக்குக் கிடைத்தது மூன்று சீசன். 1978 முதல் 1981 வரை ஆடிய மாரிஸுக்கு நான்கு. பிரவுனின் கடைசி வருடத்தில் வழக்கமான ஆட்டம் எட்டே எட்டு. அதில் 986 யார்டு ஓடினார். இன்றைக்கு 12 ஆட்டம், அதன் மேல் பௌல் ஆட்டம்.

இன்னொன்று. வருடக் கடைசியில் நடக்கும் பௌல் ஆட்டங்களின் கணக்கைத் தேசியப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியதே 2002-இல்தான். 1957 ஜனவரியில் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணிக்கு எதிராகப் பிரவுன் 132 யார்டு ஓடி மூன்று டச் டவுன் போட்டார். 28–27 என்று ஒரே புள்ளியில் தோற்ற ஆட்டம். அந்த 132 யார்டு அவர் கணக்கில் வராது. சிரக்யூஸ் வீரர் கைல் மெக்கார்டு 2024-இல் எறிந்த 4,779 யார்டில் பௌல் ஆட்டமும் சேர்த்தி. மெக்கார்டைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வருடம் நாட்டிலேயே அதிகம் எறிந்தவர் அவர்தான், அவர் அணி ஆடும் கல்லூரி லீகின் சாதனையும் அது. ஆனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்க முடியாது.

உதைக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ஆண்டர்சன் 19-க்கு 18 என்று உதைத்தபோது கல்லூரி மைதானத்தில் கம்பங்களுக்கு நடுவே 23 அடி 4 அங்குலம். பந்தை ஒரு சின்னத் தாங்கி மேல் வைத்தும் உதைக்கலாம். 1989-இல் தாங்கியை எடுத்துவிட்டார்கள், 1991-இல் அகலத்தை 18 அடி 6 அங்குலமாகக் குறைத்தார்கள். 2018-இல் ஆந்த்ரே ஷ்மிட் என்ற சிரக்யூஸ் பையன் 30 ஃபீல்டு கோல் அடித்தது இந்தக் குறுகிய கம்பத்தில், தரையில் வைத்த பந்தில். நாட்டின் சிறந்த கிக்கர் விருது அவருக்குக் கிடைத்ததில் ஆச்சரியமில்லை. அப்படியென்றால் ஆண்டர்சன் சுலபமாக அடித்தாரா என்று கேட்காதே. தொழில்முறையில் 35-க்கு 35 அடித்தாரே, அங்கே கம்பம் எப்போதுமே 18 அடி 6 அங்குலம்தான்.

எனவே பிரவுனைப் பற்றி உன் முடிவை மாற்றிக்கொள்.

ஸ்டாங்கர் வாசகர்: காலேஜ் பையன்கள் ஆடுகிற ஆட்டத்துக்கு 50 ஆயிரம் பேர் வருவார்களா? கூரை போட்ட மைதானம் என்கிறார்களே, நிஜமா?

இரண்டும் நிஜம். அங்கே கல்லூரி ஃபுட்பால் 1869-இல் தொடங்கியது, தொழில்முறை லீக் 1920-இல்தான். சிரக்யூஸ் மாதிரி ஊரில் தொழில்முறை ஃபுட்பால் அணியே கிடையாது. ஊருக்கே அணி பல்கலைக்கழகம்தான்.

1907-இல் கட்டிய ஆர்ச்போல்டு என்ற கான்கிரீட் மைதானத்தை 1978-க்குப் பிறகு இடித்தார்கள். 1979-இல் சொந்த மைதானமே இல்லாமல் எல்லா ஆட்டத்தையும் வெளியூரில் ஆடினார்கள், ஆனாலும் 7 வெற்றி, 5 தோல்வி, ஒரு பௌல் கோப்பை. 1980 செப்டம்பரில் கேரியர் டோம் திறந்தது. உள்ளே காற்றை ஊதி அழுத்தத்தால் நிறுத்திய துணிக் கூரை. வெளியே பனி கொட்ட, உள்ளே காற்றடிக்காத இடத்தில் உதைத்தார் நம் ஆண்டர்சன். 2020-இல் நிலையான கூரை போட்டார்கள். இப்போது பெயரும் மாறிவிட்டது.

நம் பக்கம் கல்லூரி அணி வளராததற்கும் காரணம் இருக்கிறது. இந்தியர் நமக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரியே 1961-இல்தான் வந்தது, அதுவும் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடத்தில். பிள்ளைகள் படகேறிப் படிக்கப் போனார்கள். அதனால் நம் ஆட்டம் கிளப்புகளில்தான் வளர்ந்தது.

லெனேசியா வாசகி: பிரவுன், டேவிஸ், லிட்டில் எல்லாரும் கறுப்பினத்தவர். அப்படியென்றால் சிரக்யூஸ் பாகுபாடு இல்லாத இடமாக இருந்ததா?

இல்லை அம்மா. நட்சத்திரங்களை ஏற்றுக்கொள்வது வேறு, எல்லாரையும் சமமாக நடத்துவது வேறு.

1970-இல் கறுப்பின வீரர்கள் சிலர் வசந்தகாலப் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். பத்திரிகைகள் "சிரக்யூஸ் எட்டு" என்று பெயர் வைத்தன, உண்மையில் அவர்கள் ஒன்பது பேர். கேட்டது என்ன? ஒரு கறுப்பின உதவிக் கோச். வெள்ளை வீரர்களுக்குக் கிடைக்கும் அதே படிப்பு உதவி. அடிபட்டால் ஒழுங்கான மருத்துவம். யார் நன்றாக ஆடுகிறாரோ அவருக்கு இடம். இவ்வளவுதான். அந்த சீசனில் அவர்கள் ஆடவில்லை. பல்கலைக்கழகம் வைத்த விசாரணையே பாகுபாடு இருந்தது என்று சொன்னது. சாதனைப் புத்தகத்தில் அவர்கள் பெயருக்கு எதிரே அந்த வருடம் யார்டு எதுவும் இராது. 2006-இல் அழைத்து, பதக்கமும் அணியின் மேலங்கியும் கொடுத்துக் கௌரவித்தார்கள்.

கோச் அதே ஷ்வார்ட்ஸ்வால்டர்தான். டேவிஸைச் சாம்பியன் ஆக்கிய மனிதர், இந்தப் பிள்ளைகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

தென்னாப்பிரிக்காவில் நம் வீரர்களும் இதே விலையைத்தான் கொடுத்தார்கள். நிறவெறிக்காக நாட்டை ஃபிஃபா 1961-இல் இடைநீக்கம் செய்து, 1976-இல் வெளியேற்றி, 1992-இல்தான் திரும்பச் சேர்த்தது. அந்த இடைவெளியில் இருபது வயதாக இருந்த எத்தனையோ பேருக்குச் சர்வதேச ஆட்டக் கணக்கு பூஜ்யம். ஆடத் தெரியாததாலா?

சாட்ஸ்வொர்த் வாசகர்: தம்பி, என் அண்ணன் டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து ஆடியவர். அமெரிக்கக் கல்லூரி 1889-இல் ஆடிய ஆட்டத்தின் ஸ்கோர்வரை வைத்திருக்கிறது. அண்ணன் போட்ட கோல்களுக்கு எங்கே கணக்கு?

ஐயா, உங்கள் அண்ணன் ஆடியதை நானும் பார்த்திருக்கலாம். சனிக்கிழமையானால் அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கரீஸ் ஃபவுண்டனுக்குப் போவார். சாஸ்திரி கல்லூரிப் பக்கம் நின்று பார்ப்போம். வலங்கைமானில் பிறந்த ஸ்ரீனிவாச சாஸ்திரியின் பெயரில் 1929-இல் திறந்த அதே பள்ளிதான். கையில் சமோசாப் பொட்டலம், காதில் கூட்டத்தின் இரைச்சல். யார் கோல் போட்டார் என்பது மறுநாள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த தலைமுறைக்கு யார் எழுதிவைத்தார்கள்?

சாம் சைனா கோப்பை 1903-இலிருந்து நடந்த இந்தியர் கால்பந்துப் போட்டி. சிரக்யூஸ் முதன்முதலில் ஆடி 14 வருடத்துக்குள் நம்மவர்களும் மாகாணத்துக்கு மாகாணம் ரயிலேறிப் போய் ஆடியிருக்கிறார்கள். வெள்ளைப் பத்திரிகைகள் அதை ஓரத்தில்கூடப் போடுவதில்லை. நம் பத்திரிகைகள் போட்டன. அந்தத் தாள்களும், கிளப் செயலாளர்கள் நோட்டில் எழுதிய கணக்குகளும், வீட்டு அலமாரிகளில்தான் கிடக்கின்றன. ஒவ்வொரு வீடு காலிசெய்யும்போதும் கொஞ்சம் குப்பைக்குப் போகிறது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். அண்ணனின் படங்களை எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்: கிளப் பெயர், வருடம், இடமிருந்து வலமாக நிற்பவர்கள் பெயர், யாரோடு ஆட்டம், ஸ்கோர் நினைவிருந்தால் அதுவும். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். பத்திரிகைத் துண்டு இருந்தால் தேதி தெரியும்படி வெட்டாமல் வையுங்கள். அண்ணன் பேச முடிகிற நிலையில் இருந்தால் பேரப்பிள்ளைகளை விட்டுப் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள், கோல்களை மட்டும் கேட்காமல் எந்த மைதானத்தில் விடவில்லை என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் காந்தி–லுதூலி ஆவண மையம் இருக்கிறது. நம் மக்களின் தாள்களையும் படங்களையும் பாதுகாக்கிற இடம். எதைக் கொடுக்கலாம், எப்படிக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அசலைத் தர மனம் இல்லாவிட்டால் பிரதி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

அண்ணனின் பெயர், கிளப், ஆடிய வருடங்கள், போட்ட கோல்கள் ஆகியவற்றை எழுதி இந்தப் பக்கத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த மாதம் கிரிக்கெட்டுக்கு முன்னால் அதைப் போடுகிறேன்.